பொங்கலுக்கு ஒரு மிளகாய்ப் போட்டி: பெரிய காய் வளர்ப்பது எப்படி

பெரிய மிளகாய் வளர்க்கும் போட்டி வைக்க நினைக்கிறவர்கள் முதலில் நாளைக் குறியுங்கள். விதை, உரம், பரிசு எல்லாம் அப்புறம். காயை எடைபோடும் நாள் தெரிந்தால்தான் எப்போது விதைப்பது, எதுவரை பூவைக் கிள்ளுவது, எப்போது விடுவது என்று பின்னோக்கிக் கணக்குப் போட முடியும்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். இருப்பது கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். தைப்பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு, அதனால் அன்றைக்கு எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். பொங்கல் வைத்து முடித்ததும் பிற்பகலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மிளகாய்களை அளப்போம். நான் வீட்டிலேயே தையல் தைக்கிறவள், அதனால் டேப் பிடிக்கிற வேலை என்னுடையது. தோட்டம் உள்ளவர்கள், கள்ளு இறக்கும் அண்ணன்மார், பள்ளிப் பிள்ளைகள், மாடியில் குரோபேக், அதாவது செடி வளர்க்கும் பை, வைத்திருக்கும் மலையாளத்துச் சேச்சிகள் என்று சேருவார்கள். பத்துப் பேர் இருந்தாலே போட்டி களைகட்டிவிடும்.

தைப்பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது. பூ பிஞ்சானதிலிருந்து காய் முழு அளவுக்கு வர 40 முதல் 50 நாள் ஆகும். அப்படியென்றால் போட்டிக்கான காயின் பூ நவம்பர் கடைசிக்குள், அதாவது கார்த்திகை நடுவுக்குள் மலர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் செடி நிலத்தில் இரண்டு மாதமாவது வேர்விட்டு வளர்ந்திருக்க வேண்டும். ஆக, நடவு செப்டம்பர் கடைசியில். நாற்றுக்கு 40 நாள் கொடுத்தால் விதைப்பு ஆகஸ்ட் நடுவில், ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற சமயம்.

இந்தக் கணக்கு எங்கள் வானிலைக்கும் பொருந்தும். மிளகாய்ப் பூவுக்குச் சூடு ஆகாது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் புழுங்கினாலோ பூ கொட்டிப்போகும். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் மாதத்தில் பகல் 40ஐத் தொடும். அந்தப் பருவத்தில் பெரிய காய்க்கு ஆசைப்படுவது வீண். கார்த்திகை, மார்கழியில் இரவு குளிர்ந்து பகல் இதமாக இருக்கும், பூ நிற்கும். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் இருக்கிறவர்களுக்கும் இந்த நாள்கள் ஏறக்குறைய சரிவரும். ஆனால் அங்கே வடகிழக்குப் பருவமழை கனமாகப் பெய்யும், வடிகால் இன்னும் நன்றாக இருக்க வேண்டும்.

எந்த மிளகாய்?

உலகத்தில் பெரிய மிளகாய் என்றதும் தோட்டக்காரர்கள் சொல்வது அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பிறந்த 'நியூமெக்ஸ் பிக் ஜிம்' ரகத்தை. நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் நகாயாமா என்ற ஆய்வாளர் உருவாக்கி 1975இல் வெளியிட்டார். ஹாட்ச் பள்ளத்தாக்கு விவசாயியான ஜிம் லைட்டிலின் பெயர்தான் அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. நன்றாக வளர்த்தால் காய் ஒரு அடி நீளம் வரைகூடப் போகும். பச்சையாகவே நெருப்பில் சுட்டுத் தோலுரித்துச் சாப்பிடுகிறார்கள். காரம் மிதமானது. வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் நம்பிக்கையான இடத்தில் விதை கிடைத்தால் வளர்க்கலாம். ஆனால் அந்த ரகம் வறண்ட, இரவு நன்றாகக் குளிர்கிற பாலைநிலப் பள்ளத்தாக்குக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் மண்ணில் அதே நீளத்தை எதிர்பார்த்து உட்காரக் கூடாது.

நம் ஊர்ப் போட்டிக்கு என் தேர்வு பஜ்ஜி மிளகாய். கடைக்காரர்கள் பவநகரி என்றும் சொல்வார்கள். காய் நீளம், சதை உண்டு, காரம் குறைவு, வீட்டுத் தோட்டத்தில் சுலபமாக வரும். பேடகி மிளகாய் நீளமாக வரும், ஆனால் மெல்லிய தோல், எடை நிற்காது. குண்டூர் சன்னம் அத்தனை பெரிதில்லை. ராமநாதபுரம் முண்டு உருண்டையாக அழகாக இருக்கும், 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது, ஆனால் இந்தப் போட்டிக்கான மிளகாய் அது இல்லை. மலப்புறத்து எடையூர் மிளகாய்க்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் குறைந்த, கொண்டாட்டம், அதாவது மோர்மிளகாய், போடுவதற்கென்றே வளர்க்கிற மிளகாய் அது. விதை கிடைக்கிறவர்கள் தனிப் பிரிவில் கொண்டுவரட்டும்.

குடைமிளகாயைப் போட்டியில் சேர்க்காதீர்கள். எடை என்று வந்தால் அதுவே ஜெயிக்கும், மற்றவர்கள் பாடுபட்டதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

நாங்கள் இரண்டு பிரிவு வைத்திருக்கிறோம். முதலாவது பொது விதைப் பிரிவு. ஒரே பாக்கெட்டிலிருந்து ஒரே இடத்தில் நாற்றுவிட்டு, ஆளுக்கு 6 நாற்று கொடுத்துவிடுவோம். அதில் 3 செடியை அவரவர் போட்டிக்கென்று குறித்துக்கொள்ளலாம். விதை எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் வித்தியாசம் வளர்ப்பில்தான் வரும். எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இது. இரண்டாவது சொந்த விதைப் பிரிவு. மாமியார் வீட்டு விதை, ஆந்திரத்திலிருந்து சொந்தக்காரர் கொடுத்தனுப்பியது, எதுவானாலும் சரி. மண்ணில் வளர்ப்பவர்களையும் குரோபேக்கில் வளர்ப்பவர்களையும் தனித்தனியாக எடைபோடுங்கள். வேர் ஓடுகிற இடமே வேறு வேறு.

பாக்கெட்டில் வீரிய ஒட்டு ரகம் என்று இருந்தால் செடிகள் ஒரே மாதிரி வரும், போட்டிக்கு அது நியாயம்தான். ஆனால் அதன் விதையை எடுத்து மறுவருஷம் போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது. ஜெயித்தவருடைய விதை ஊருக்கே போக வேண்டும் என்று நான் நினைப்பதால் ஒட்டு ரகம் வாங்குவதில்லை.

நாற்று

ஆவணியில் இங்கே தென்மேற்கு மழை இன்னும் விட்டிருக்காது. திறந்த மேட்டுப்பாத்தியில் விதைத்தால் நாற்றழுகல் வரும். குழித்தட்டில் மக்கிய தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை வையுங்கள். விதையை முதலில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில் புரட்டிக்கொள்வது நல்லது, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு. வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை போதும். மழைச்சாரல் படாத, வெளிச்சம் உள்ள இடத்தில் வைத்தால் ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் முளைக்கும். காலையில் மட்டும் தண்ணீர். சாயங்காலம் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று தண்டு அழுகும்.

நாற்று ஒல்லியாக நீண்டு போனால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

மண்

கேரளத்தில் எந்தக் கிருஷி பவனில், அதாவது ஊர் வேளாண் அலுவலகத்தில், கேட்டாலும் முதலில் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். கேரளத்தின் பெரும்பகுதி செம்பாறாங்கல் மண், புளிப்பு அதிகம், அங்கே அது சரி. ஆனால் பாலக்காடு மாவட்டத்து எங்கள் சித்தூர்த் தாலூகாவின் கிழக்குப் பக்கம் கரிசல் மண். கேரளத்தில் கரிசல் இருப்பதே இந்தப் பக்கம்தான். அதில் சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே உண்டு, மேலும் போட்டால் கெடுதல். மிளகாய்க்கு மண்ணின் கார அமில நிலை (pH) 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. ஆகவே பக்கத்து ஊர்க்காரர் சொன்னார் என்று எதையும் போடாமல், ஒரு கைப்பிடி மண்ணைக் கிருஷி பவனில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள்.

கரிசலுக்கு இரண்டு குணம். மழையில் தண்ணீரை விடாது, வெயிலில் வெடித்து வேரை அறுக்கும். இரண்டுக்கும் மருந்து உயரப் பாத்திதான். ஒரு அடி உயரத்துக்கு மண்ணை அணைத்து, குழிக்கு ஒரு கூடை நன்றாக மக்கிய தொழுவுரம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போட்டுக் கலந்து இரண்டு வாரம் ஆறவிடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், வேர் கருகும். வயலில் செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுவது வழக்கம். போட்டிச் செடிக்கு இரண்டரை அடி கொடுங்கள். காற்றும் வெளிச்சமும் நாலு பக்கமும் போக வேண்டும்.

குரோபேக்காக இருந்தால் இருப்பதிலேயே பெரியதை வாங்குங்கள். 20 லிட்டர் மண்ணாவது பிடிக்க வேண்டும்.

கிழக்கே ஒரு வேலி

பாலக்காட்டுக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டிருப்பதால் காற்று எங்கள் தலைமேல்தான் போகும். ஆடியில் மேற்கிலிருந்து, கார்த்திகை முதல் மாசி வரை கிழக்கிலிருந்து. இந்தக் கிழக்குக் காற்று வறண்டது. இலை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காயைச் செடியோடு உரசிக் கீறல் விழவைக்கும். நம் காய் பெருக்க வேண்டிய நாள்களும் அதே நாள்கள்தான்.

ஆகவே நடும்போதே கிழக்கு ஓரத்தில் இரண்டு வரிசை சோளமோ மக்காச்சோளமோ விதைத்துவிடுங்கள். செடி பூக்கிற சமயம் அது ஆளுயரம் வந்து காற்றைத் தடுக்கும், வெள்ளை ஈ வருவதையும் குறைக்கும். செடிக்கு மூன்று குச்சி நட்டு மூன்று பக்கமும் கட்டுங்கள், ஒரு குச்சி போதாது. கட்டுவதற்குச் சணலைவிடப் பருத்தித் துணி நாடா மேல். தண்டை அறுக்காது. எங்கள் ஊர்ச் செடிகளில் என் தையல் மெஷினுக்குக் கீழே விழுந்த வெட்டுத் துணிகளைப் பார்க்கலாம், சுடிதார் துணி, பள்ளிச் சீருடைத் துணி எல்லாம். தண்டுக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு முறுக்கு கொடுத்துத் தளர்வாகக் கட்ட வேண்டும்.

பூவைக் கிள்ளுவது

இந்தப் போட்டியில் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மிளகாய்ச் செடி ஒற்றைத் தண்டாக வளர்ந்து ஒரு இடத்தில் கவட்டையாகப் பிரியும். அந்தக் கவட்டையில் முதல் பூ வரும். அதைக் கிள்ளுங்கள். பிரிந்த கிளைகள் மறுபடி பிரியும், அங்கேயும் பூ வரும். அதையும் கிள்ளுங்கள். கார்த்திகை பிறக்கும் வரை ஒரு பூகூட நிற்கக் கூடாது. செடி தன் பலத்தையெல்லாம் வேருக்கும் தண்டுக்கும் இலைக்கும் போடட்டும். கவட்டைக்குக் கீழே வருகிற பக்கக் கிளைகளையும் எடுத்துவிடலாம். மேலே உள்ள இலைகளில் கைவைக்காதீர்கள். காயை வளர்ப்பது இலைதான்.

கிள்ளும்போது மனசு கேட்காது. எதிர்வீட்டுச் சேச்சி முதல்முறை பார்த்தபோது, "ஐயோ, பாவம், இத்தனை பூவும் காயாகுமே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் காயாகும்தான். ஆனால் இரண்டு சட்டைக்குப் போதாத துணியில் இரண்டு சட்டை தைத்தால் இரண்டும் குட்டையாகத்தான் வரும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ராட்சதப் பூசணி வளர்க்கிறவர்கள் ஒரு கொடிக்கு ஒரே காய் விடுவதும் இதனால்தான்.

கார்த்திகை பிறந்ததும் கிள்ளுவதை நிறுத்துங்கள். காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றுக்குள் மலர்ந்த பூக்களின் காம்பருகே விரலால் இரண்டு தட்டு தட்டுங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்பிடிக்கும், தட்டினால் மகரந்தம் நன்றாக உதிரும். உள்ளே விதை நிறைய உருவான காய்தான் நேராகவும் பெரிதாகவும் வரும். விதை சரியாகப் பிடிக்காத காய் கோணலாகப் போகும்.

ஒரு செடியில் ஏழெட்டுப் பிஞ்சு நிற்கட்டும். பத்து நாள் கழித்துப் பாருங்கள். நேராகத் தொங்குவது, காம்பு தடித்தது, கிளையிடுக்கில் சிக்காதது என்று மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பறித்துச் சமையலுக்குக் கொண்டுபோங்கள். இடுக்கில் மாட்டிய பிஞ்சு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் வளைந்து போகும், விட்டுவிடுங்கள். மூன்று காய்க்கு அப்புறம் வருகிற பூவெல்லாம் கிள்ளப்பட வேண்டும், பொங்கல் வரை. பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துவிடுகிறார்கள். மார்கழியில் வந்த ஒரு புதுப் பிஞ்சுகூட வளர்ந்த காயின் பங்கை எடுத்துக்கொள்ளும்.

தண்ணீரும் சாப்பாடும்

ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் முறை வைத்து வருகிற ஊர் எங்களுடையது. முறை வந்த அன்று நிறைய விட்டு, அப்புறம் நாலைந்து நாள் காயப்போடுவது தென்னைக்குப் பழகிய முறை. போட்டி மிளகாய்க்கு அது ஆகவே ஆகாது. மண் காய்ந்து நனைந்து காய்ந்து நனைந்து இருந்தால் வேர் சுண்ணாம்புச் சத்தைக் காய்க்குக் கொண்டுபோக முடியாது. மண்ணில் அது எவ்வளவு இருந்தாலும் சரி. அப்போது காயின் நுனியில் வெளுத்துப் பழுப்பாகி அமுங்கிய ஒரு திட்டு வரும். நுனியழுகல் என்பார்கள். வந்த காயைக் காப்பாற்ற முடியாது, பறித்துவிட வேண்டியதுதான். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள், பலன் இல்லை. மருந்து தண்ணீரில்தான் இருக்கிறது.

சொட்டுநீர் இருந்தால் தினமும் கொஞ்சம். இல்லையென்றால் ஒரு பெரிய பாட்டிலின் மூடியில் ஊசியால் துளை போட்டுக் கவிழ்த்து நட்டுவையுங்கள், போதும். செடியைச் சுற்றி வைக்கோலோ கடலைக்கொடியோ தென்னை ஓலைத் துண்டோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விலக்கிப் போடுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டால் இரண்டாவது கணு வரை ஈரம் தெரிய வேண்டும், சேறாக இருக்கக் கூடாது.

உரத்தில் முதல் பாதி ஒரு மாதிரி, பின் பாதி வேறு மாதிரி. பூ விடுகிற வரை இலையும் கிளையும் வர வேண்டும். கடலைப் பிண்ணாக்கை நாலு நாள் ஊறவைத்துத் தெளிவைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பத்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள். பஞ்சகவ்யம் இருக்கிறவர்கள் 10 லிட்டருக்கு 300 மில்லி கலந்து தெளிக்கலாம். பூ விட்ட பிறகு பிண்ணாக்குத் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். தழைச்சத்து கூடினால் செடி கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், பூ கொட்டிவிடும். இனி காய்க்குச் சாம்பல்சத்து வேண்டும். செம்மண்காரர்கள் அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி போடலாம். கரிசலில் சாம்பல் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், அதனால் நாங்கள் சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளிக்கிறோம்.

ஜிப்ரலிக் அமிலம் மாதிரி வளர்ச்சி ஊக்கிகளைப் போட்டியில் அனுமதிக்காதீர்கள். இதை விதிகளிலேயே எழுதிவிடுங்கள். கைத்திறமையைப் பார்ப்பதற்குத்தான் கூடுகிறோம்.

இலை சுருண்டால்

இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து நீண்டு போனால் சிலந்திப் பூச்சி, அதாவது முரணை. இரண்டுக்கும் மருந்து வேறு, ஆகவே முதலில் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். 2021, 2022 வாக்கில் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைக் கெடுத்த கறுப்பு இலைப்பேன் பூவுக்குள்ளேயே குடியிருக்கும் வகை. பூவை ஒரு வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தால் சின்னச் சின்னதாய் ஓடுவது தெரியும். நாம் பூவைக் கிள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் வீட்டையும் அழிக்கிறோம், ஆனால் கிள்ளிய பூவைச் செடிக்குக் கீழே போடாமல் பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். நீல ஒட்டுப்பொறி இலைப்பேனுக்கு, மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈக்கு.

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வது ஒன்று உண்டு. முந்தின நாள் கஞ்சித் தண்ணீரில் அதே அளவு தண்ணீர் கலந்து வடிகட்டி இலையின் அடிப்பக்கம் அடிப்பார்கள். சின்னப் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு சாகும். ஆரம்பத்திலேயே செய்தால் நல்ல பலன். கூடிவிட்டால் வேப்பெண்ணெய் பூண்டுக் கரைசல்: 10 லிட்டருக்கு 200 மில்லி வேப்பெண்ணெய், 200 கிராம் அரைத்த பூண்டு, 50 கிராம் பார் சோப்பு. வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். முரணைக்கு நனையும் கந்தகம், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு. பொங்கலுக்கு முந்தின 15 நாள் எந்த மருந்தும் கிடையாது என்பது எங்கள் விதி. எடைபோட்டதும் அந்தக் காயைச் சாப்பிடப் போகிறோம்.

நன்றாக இருந்த செடி பச்சையாகவே ஒரே நாளில் துவண்டால் தண்டை அடியில் வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். கேரளத்தில் இது சாதாரணம். அந்தச் செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், அந்தக் குழியில் அடுத்த வருஷமும் மிளகாய், தக்காளி, கத்தரி வைக்காதீர்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் உஜ்வலா, அனுக்ரஹா ரகங்கள் இந்த வாடலைத் தாங்கும். சமையலுக்கு அவற்றை வளர்க்கலாம், போட்டி அளவுக்குக் காய் பெரிதாகாது. ஆளுக்கு 6 நாற்று கொடுப்பதே இந்த மாதிரி இழப்பை நினைத்துத்தான்.

கடைசி வாரம்

மார்கழி வெயில் சாய்வாக அடித்தாலும் காயின் ஒரே பக்கத்தில் பட்டால் வெளுத்துப் புண்ணாகும். இலை மறைக்கவில்லை என்றால் மேற்குப் பக்கம் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். கடைசி வாரத்தில் எடை கூட்டுவதற்காகத் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள், தோல் வெடிக்கும்.

காய் பழுக்கத் தொடங்கினால் இனி பெருக்காது. பச்சையில் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக, தோல் பளபளப்பாக இருக்கிற நிலைதான் எடைக்குச் சிறந்தது. போட்டி நாள் காலையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். கையால் இழுத்தால் கிளையே ஒடியும். முதல் நாளே பறித்து வைத்தால் நீர் வற்றி எடை குறையும். வெட்டியதை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

அளப்பது

விதிகளை விதைக்கும் முன்பே எழுதி எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். அளக்கும்போது உட்கார்ந்து விதி பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

நீளத்தைக் காம்பின் தொப்பி காயைத் தொடுகிற இடத்திலிருந்து நுனி வரை அளக்க வேண்டும். காம்பு சேராது. வளைந்த காயை நிமிர்த்தக் கூடாது, ஒடிந்துவிடும். ஒரு நூலை வெளிவளைவின் மேல் படியவைத்து, தொப்பியிலிருந்து நுனி வரை ஓட்டி, அந்த நூலை டேப்பில் நீட்டிப் படியுங்கள். கழுத்து வளைவு அளக்கிற அதே முறை. தையல் டேப் நாள்பட்டால் நீளும், அதனால் போட்டிக்கு முன் ஒரு இரும்பு அளவுகோலோடு வைத்துச் சரிபார்த்துவிடுவேன். ஒவ்வொரு காயையும் இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, இரண்டும் ஒத்துவந்தால் எழுதுங்கள்.

எடைக்குக் காம்பை ஒரு சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள். ஒரு கிராம் வரை காட்டுகிற சமையலறைத் தராசு போதும். இரண்டு காய் சமமாக வந்தால் நகைக்கடைத் தராசு வைத்திருக்கிறவரிடம் போகலாம். இரட்டைக் காய், ஒட்டிப் பிறந்த காய் இவற்றைத் தனியாக எல்லாருக்கும் காட்டுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். அழுகல், புழுத்துளை இருந்தால் எடை கிடையாது.

பிள்ளைகளுக்குத் தனி வரிசை வையுங்கள். ஒரு பெண் குழந்தை தன் காயைப் பள்ளி டப்பாவில் பஞ்சு விரித்துக் கொண்டுவந்தாள். அவளிடம், "கண்ணு, எப்படி இவ்வளவு நேரா வளர்த்தே?" என்று கேட்டபோது, தினமும் பூவைத் தட்டியது, இடுக்கில் இருந்த பிஞ்சைப் பறித்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதிலிருந்து இது எங்கள் விதியாகவே ஆகிவிட்டது: ஜெயித்தவர் தான் செய்ததையெல்லாம் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், கேட்கிற கேள்விக்கு மறைக்காமல் பதில் தர வேண்டும். பரிசாகப் பணம் கொடுக்காதீர்கள். பணம் வந்தால் ரகசியமும் வந்துவிடும். நாங்கள் கொடுப்பது ஒரு நல்ல கத்தரிக்கோல், இல்லை ஒரு பூவாளி.

அளந்து முடித்ததும் கடலைமாவு கரைத்து அங்கேயே பஜ்ஜி போடுவோம். பெரிய காயை நீளவாக்கில் கீறி உள்ளே உப்பும் கொஞ்சம் புளிக்கரைசலும் தடவி ஒரு கால் மணி நேரம் வைத்தால் சதைக்குள் ருசி இறங்கும். சதை கனமாக இருப்பதால் எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாவு சிவந்து காய் பச்சையாக நிற்கும்.

விதைக்கு மட்டும் முன்னாலேயே யோசிக்க வேண்டும். பச்சையில் வெட்டிய போட்டிக் காயின் விதை முற்றியிருக்காது, முளைக்காது. விட்ட மூன்று காயில் ஒன்றைச் செடியிலேயே முழுச் சிவப்பாகப் பழுக்கவிடுங்கள். தேனீ வேறு மிளகாயின் மகரந்தத்தைக் கொண்டுவரும் என்பதால், அந்தப் பூ மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைத்துணிப் பை மாட்டி, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துக் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். யாரும் தவறிப் பறிக்க மாட்டார்கள். மாசியில் பழுத்துச் சுருங்கத் தொடங்கும்போது பறித்து, விதையை எடுத்து நிழலில் ஒரு வாரம் காயவைத்து, கொஞ்சம் சாம்பலோடு மூடி இறுகிய கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். மேலே வருஷம், வளர்த்தவர் வீடு, காயின் நீளம், எடை நான்கையும் எழுதி ஒட்டுங்கள். ஈரம் படாமல் வைத்தால் இரண்டு மூன்று வருஷம் வரை முளைப்பு இருக்கும்.